எட்டாம் நாள் பேதி

குணரத்தினத்தைக் கொன்றவன் அவரைப் பதினான்கு தரம் வெட்டியிருந்தான். முதல் வெட்டிலேயே உயிர் போய்விட்டது என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. மிச்சம் பதின்மூன்றும் செத்த உடம்பில் விழுந்தவை.

“சேர், இவன் ஆள் கொல்ல மட்டும் வரல்ல. கோபத்தை இறக்கி வைக்க வந்திருக்கான்” என்றாள் நுஸ்ரத்.

அறிக்கையை வாசித்த அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான். அதுவே பெரிய செய்தி. திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் இராகுலன் துப்பறியும் நிலையத்தில் உதவியாள், லிகிதர், தேநீர் போடுகிறவர், ஸ்கூட்டி ஓட்டுகிறவர் எல்லாமே அந்தக் கிண்ணியாக்காரிதான். அவள் வாய் சும்மா இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொலை நடந்தது போன வியாழன் விடியற்காலை, பாலையூற்றில் குணரத்தினத்தின் வீட்டுக்குப் பின்னாலிருந்த நாய்க்கொட்டிலில். காவல் நாய்களை வளர்த்துப் பழக்கி விற்பது அவர் தொழில். அந்த வாரம் முழுக்க நாய்களுக்கு வயிற்றோட்டம். கோழிக்கடையில் மிஞ்சும் குடலை அவிக்காமல் பச்சையாகவே போட்டு வந்திருந்தார் மனிதர். கொன்றவன் வெட்டி முடித்துத் திரும்பும்போது அந்தக் கழிசலில் வழுக்கி முகங்குப்புற விழுந்திருந்தான். சீமெந்துத் தரையில் இரண்டு உள்ளங்கைகளும் நடுவே ஒரு முகமும் தேய்த்துவிட்டாற்போலத் தெரிந்தன.

பொலிஸ் பிடித்தது றிப்தியை. தினமும் காலையில் அந்தக் குடல் பையைக் கொண்டுவரும் கோழிக்கடைப் பொடியன். இருபத்தொரு வயது. வெட்டிய கத்தி அவனுடைய கடைக் கத்தி. குடல் நறுக்க அங்கேயே விட்டுவைத்திருந்தான். இடுப்பில் உடுத்திருந்த சாரத்தில் இரத்தம் இருந்தது. விழுந்து கிடந்தவரைத் தூக்கிப் பார்த்தேன் என்றான். இதெல்லாம் போதாதென்று, பொலிஸ் வந்தபோது அவன் கிணற்றடியில் நின்று மண் பூசிப் பூசிக் கைகாலைக் கழுவிக்கொண்டிருந்தான். தடயத்தை அழிக்கிறான் என்று கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.

“தடயமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல” என்று நுஸ்ரத் கொதித்தாள். “நாய்ட ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் போட்டுக் கழுவணும். மார்க்கம் சொன்னதைச் செஞ்சதுக்கு ஒருத்தனைக் கொலைகாரனாக்குறாங்க.”

றிப்தியின் தாய் ஆமினா உம்மா இவர்களிடம் வந்தது அதனால்தான்.

இராகுலன் துப்பறிய வருமுன் பதினேழு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவர். பேக்கரிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நுழைந்து பழகிய அவர் மூக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை. கொட்டிலைக் கண்டதும் மிருக வைத்தியரைக் கூப்பிட்டு நாய்களின் கழிசலைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கம்பைலோபக்டர் என்று பதில் வந்தது.

“பேரைக் கேட்டா கப்பல் கப்டன் மாதிரி இரிக்கி” என்றாள் நுஸ்ரத்.

“கப்டன்தான். நாய்க்குடலிலை ஏறி மனிசக் குடலிலை இறங்குவார். நாய் ரெண்டு மூண்டு நாள் கழிஞ்சுபோட்டு எழும்பி ஓடிடும். மனிசன்ர வாய்க்குள்ளை போனால் ரெண்டு தொடக்கம் அஞ்சு நாளுக்குள்ளை காய்ச்சல், வயித்துக்குத்து, இரத்தத்தோடை வயித்தோட்டம். கொட்டிலிலை முகம் பதிய விழுந்தவன் எங்கையோ ஒரு கக்கூசிலை குந்தியிருக்கிறான், நுஸ்ரத். றிப்தி கழுவின கழுவலுக்கு அவனைக் கிருமி தொட்டும் பாத்திருக்காது.”

நல்ல யோசனை. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆறாம் நாள், செத்தவீட்டுப் பந்தலில், உறவும் அயலும் நிறைந்த சபையில் இதே பிரசங்கத்தை இராகுலன் எடுத்துவிட்டார். முகங்களைப் பார்க்கவேண்டுமாம். “ஆருக்கு வயிறு கழியுதோ அவன்தான் ஆள்” என்று முடித்தபோது நுஸ்ரத் தலையில் கைவைத்தாள்.

அந்த வாயின் பலன் எட்டாம் நாள் வந்து சேர்ந்தது.

அன்று எட்டுச் செலவு, செத்தவருக்கான எட்டாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்த கணவாய்க் கறியும் ஆட்டிறைச்சியும் அவர் படத்துக்கு முன்னால் படைத்து, பிறகு வந்தவர்களுக்குப் பந்தி போட்டார்கள். இராகுலன் முதற்பந்தியில் இருந்தார். நுஸ்ரத் படைத்த சாப்பாட்டைத் தொடமாட்டாள். ஒரு சோடாப் போத்தலோடு பந்தலின் ஓரத்துக் கதிரையில் இருந்தாள். அப்போதுதான் ஆமினா உம்மாவின் அழைப்பு வந்தது.

“மகள், மறியலுக்குள்ள என்ட புள்ளயக் குத்திப்போட்டாங்க.”

செத்தவரின் சிநேகிதன் ஒருவன் அதே மறியல் சிறையில் அடைபட்டிருந்தானாம். தீட்டிய கரண்டிக் காம்பால் வயிற்றில் மூன்று குத்து. ஆசுபத்திரியில் கிடத்தியிருக்கிறார்கள், மூன்றரை மணிக்கு ஒப்பரேசன். “பிழைச்சா திரும்ப அங்கதானே மகள் கொண்டு போவாங்க? அடுத்த தரம் விடுவானா?”

நுஸ்ரத்துக்குச் சோடா கசந்தது. இன்றைக்குள் உண்மையான ஆளைப் பிடிக்காவிட்டால் அந்தப் பொடியன் செத்தான். அதைச் சொல்ல அவள் இராகுலனைத் தேடினாள். இலை இருந்தது, ஆள் இல்லை.

ஆள் வளவின் மூலையில், தகரக் கதவு போட்ட கக்கூசுக்குள் இருந்தார். வாசலில் இன்னும் ஆறு ஆண்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்கள். வேலியோரத்திலும் வாழைக்குப் பின்னாலும் குந்தியிருந்தவர்களை அவள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிழவர் கிணற்றடியில் மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

“சேர்!” என்று தகரத்தில் தட்டினாள். “இப்ப இந்த ஊர்ல எல்லாரும் கொலைகாரர். உங்களையும் சேர்த்து.”

“நேரம் என்ன?” என்று உள்ளிருந்து ஒரு முனகல்.

“ரெண்டே கால்.”

“நான் எத்தினைக்குச் சாப்பிட்டனான்?”

“ஒரு மணிக்கு. மூண்டு கிளாஸ் ரசம் குடிச்சீங்க. நான் எண்ணினன்.”

உள்ளே கொஞ்ச நேரம் மனிதப் பேச்சு இல்லை. பிறகு குரல் திரும்பியது. வேதனைக்கு நடுவிலும் அதில் ஒரு சந்தோசம் இருந்தது.

“கப்டன் எண்டால் ஒரு நாளாவது எடுப்பார். ஒண்டே கால் மணித்தியாலத்திலை எந்தக் கிருமியும் இப்பிடி உதைக்காது. எனக்குக் காய்ச்சலும் இல்லை. இது கிருமி இல்லை நுஸ்ரத், பேதி மருந்து! நேர்வாளக் கொட்டையை அரைச்சு ஊத்தியிருக்கிறாங்கள். என்ர கதையைக் கேட்டவன், தன்ர வயித்தோட்டத்தை ஒளிக்க ஊருக்கே வயித்தோட்டம் குடுத்திருக்கிறான். குசினிக்குள்ளை சாப்பிட்ட பெண்டுகளுக்கு என்ன?”

அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செத்தவரின் மனைவி இராசமலரும் மற்றப் பெண்களும் பானையிலிருந்து நேரே போட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். ஒருத்திக்கும் ஒன்றுமில்லை. பந்தியிலும் ரசம் வேண்டாமென்ற இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு சுகமாக இருந்தார்கள்.

“பானையிலை இல்லை. அப்ப வாளியிலை” என்றது தகரம். “ரச வாளி தூக்கினது ஆர்?”

இந்தக் கேள்வியை அவர் கொஞ்சம் மெல்லக் கேட்டிருக்கலாம். வாசலில் நின்றவர்களுக்குக் காது இருந்தது. வயிற்றில் எரிச்சலும் இருந்தது.

“சிவரூபன்!” என்றான் ஒருவன். “சிவரூபன்தான் ஊத்தினவன். அவன் ஒரு துளி குடிக்கேல்லை!”

சிவரூபன் செத்தவரின் தம்பி. தமையனுக்குக் கொள்ளி வைத்தவன். மொட்டைத் தலையோடு பந்தலுக்குள் இலை எடுத்துக்கொண்டிருந்தவனை ஏழெட்டுப் பேர் போய் வளைத்தார்கள். அவன் நிமிர்ந்து “என்ன?” என்று கேட்க முன்னமே பிளாஸ்டிக் கதிரை ஒன்று அவன் தலையில் உடைந்தது. விழுந்தவனின் விலாவில் உதைத்தார்கள். வாயில் உதைத்தார்கள். ஒருவன் உதைத்துவிட்டு வேலிப் பக்கம் ஓடி, திரும்பி வந்து மறுபடி உதைத்தான். கொன்றவன் யார் என்பதைவிட அடிக்க ஓர் ஆள் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. றிப்தியையும் இப்படித்தான் ஒரு கூட்டம் கொலைகாரன் என்று நம்பியிருக்கும் என்று நுஸ்ரத் நினைத்தாள்.

“கொள்ளி வைச்சவன் கடைசியாத்தான் சாப்பிடவேணும்!” என்று இராசமலர் ஓடிவந்து மச்சான்மேல் விழுந்து மறித்தாள். “அவன் இன்னும் கையே நனைக்கேல்லையடா, பாவியள்!” அவள் முதுகிலும் ஓர் அடி விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு மேலாக வளவின் மூலையிலிருந்து ஒரு கர்ச்சனை வந்தது.

“நுஸ்ரத்! துவக்கை எடும்!”

கூட்டம் அப்படியே நின்றது. நுஸ்ரத் ஸ்கூட்டியின் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு வெள்ளைத் துப்பாக்கியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தாள். முன்னால் நின்ற தடியன் கையைத் தூக்கினான். கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்களே, அதே துவக்குத்தான். இராகுலன் வேலையை விட்டபோது திருப்பிக் கொடுக்க மறந்த ஒரே அரசாங்கச் சொத்து.

“எல்லாரும் வரிசையா நில்லுங்க” என்றாள். “ரசத்தால போறவனுக்குக் காய்ச்சல் இரிக்காது. நாய்க்கொட்டிலால போறவனுக்கு இரிக்கும். முதல்ல அடி வாங்கினவர்.”

சிவரூபனின் நெற்றியில் வைத்தாள். இரத்தம் வடிகிற முகத்தில் துவக்கு முப்பத்தாறு தசம் ஐந்து காட்டியது. அடித்தவர்களில் இரண்டு பேர் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு நெற்றியாகப் போனாள். முப்பத்தாறு தசம் நாலு. முப்பத்தாறு தசம் எட்டு. “உங்களுக்கு ஒண்டுமில்ல, ரசத்தைக் குறைங்க.” முப்பத்தேழு. “நீங்க வெயில்ல நிண்டிருக்கீங்க.” பதினெட்டு நெற்றி முடிந்தும் ஒன்றும் இல்லை. இராகுலன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதிரையில் சாய்ந்தார். அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

“கிணத்தடியிலை ஒருவர்” என்றார்.

கிணற்றடியில் நின்றவன் சஞ்சீவன். அடுத்த ஒழுங்கைக்காரன், முச்சக்கர வண்டி ஓட்டுபவன். நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து பந்தல் கட்டி, தண்ணீர் அள்ளி, வாளி நிரப்பிக் கொடுக்கிறவன். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாக முனகினான். முனகிக்கொண்டே வாளிவாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றினான். நுஸ்ரத் அவன் நனைந்த நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினாள்.

முப்பத்துமூன்று தசம் இரண்டு.

“சேர்!” என்று கூப்பிட்டாள். “இவர் மவுத்தாகி ஒரு மணித்தியாலம் இருக்கும்போல. ஆனா நிக்கிறார்.”

சனம் சிரித்தது. இராகுலன் சிரிக்கவில்லை.

“கழியிறவன் கால் கழுவுவான்” என்றார் மெதுவாக. “நெத்தியை ஏன் கழுவவேணும்? தண்ணி படாத இடத்திலை பிடியும்.”

அவள் துவக்கை அவன் கைக்குக் கீழே கக்கத்துக்குள் திருப்பினாள். அது கீச்சென்று கத்திச் சிவப்பு வெளிச்சம் காட்டியது. முப்பத்தொன்பது தசம் ஒன்று.

“சஞ்சீவன்” என்றார் இராகுலன். “வாளி தூக்கினது சிவரூபன். குசினி வாசலிலை நிண்டு வாளி நிரப்பினது நீர்தானே?”

அடி எங்கிருந்து வந்ததென்று நுஸ்ரத்துக்குத் தெரியவில்லை. வெறும் வாளி அவள் கன்னத்தில் மோதியது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. எழும்பிப் பார்க்கையில் அவன் வாழையிலை நறுக்கிய கத்தியைக் கையில் எடுத்திருந்தான். பிடிக்கப் போனவனின் முழங்கை பிளந்தது. அடுத்தவன் இரண்டு விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு அலறினான். சனம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. அவன் ஏறிய முச்சக்கர வண்டி வாசல் படலையை உடைத்துக்கொண்டு வெளியேறியது.

“ஏறுங்க சேர்!”

“நுஸ்ரத், எனக்கு இன்னும்...”

“ஏறுங்க! சீட்டைக் கழுவலாம்!”

கண்டி வீதியில் சீனன்குடாப் பக்கமாக அவன் பறந்தான். ஸ்கூட்டி பின்னால் பறந்தது. பின்னாலிருந்த மனிதர் பற்களைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டார். எதிரே வந்த பஸ்ஸுக்கு விலகியபோது அவன் கத்தியை வெளியே நீட்டி வீசினான். அது ஸ்கூட்டியின் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது.

“இப்ப கத்தி இல்ல அவன்ட கையில” என்றாள். “எங்களுக்கிட்டக் கண்ணாடி இல்ல. சரிக்குச் சரி.”

உள்துறைமுகத் தண்ணீர் வீதிக்கு அருகே வரும் வளைவில் ஒரு மாடு குறுக்கே நின்றது. அவன் வெட்டித் திருப்பினான். வண்டி இரண்டு சக்கரத்தில் ஓடி, புரண்டு, கல்லணையில் மோதிக் கவிழ்ந்தது. நுஸ்ரத் பிரேக் பிடித்த பிடியில் அவளும் இராகுலனும் சரளையில் உருண்டார்கள்.

முதலில் எழும்பியது சஞ்சீவன். தலை உடைந்து ஒரு கண்ணை இரத்தம் மூடியிருந்தது. வண்டிக்குள்ளிருந்து சக்கரம் கழற்றுகிற இரும்பை இழுத்தெடுத்து, விழுந்து கிடந்த இராகுலனின் தோளில் ஓங்கி இறக்கினான். எலும்பு முறிந்தது நுஸ்ரத்துக்குக் கேட்டது. அவள் அவன் முதுகில் பாய்ந்தாள். முழங்கையால் அவள் நெஞ்சில் குத்தி உதறிவிட்டு, இராகுலனின் மார்பில் முழங்காலை ஊன்றி, இரும்பைத் தொண்டையில் குறுக்கே வைத்து அழுத்தினான்.

“உன்ர வாய்!” என்று கத்தினான். “உன்ர வாயாலைதானே எல்லாம்!”

இராகுலனின் முகம் நீலம் பாய்ந்தது. ஆனால் கண் மட்டும் கவிழ்ந்த வண்டிக்குள் எதையோ பார்த்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு படம். மூன்று வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை, மடியில் கறுப்பு நாய்க்குட்டி. படத்தைச் சுற்றிக் காய்ந்த பூமாலை.

“அந்தக் குட்டி...” என்று மூச்சுக்கு நடுவே கேட்டார். “குணரத்தினம் தந்ததோ?”

இரும்பு கொஞ்சம் இளகியது.

“லக்சனா” என்றான் அவன். “என்ர மகள். ரெண்டு மாசமாகுது. குட்டி வேணும் வேணும் எண்டு அழுதவள். அந்தாள் சும்மாவே தூக்கித் தந்தது. படுக்கையிலையும் அதோடைதான். அது கழிஞ்சுது, பிறகு பிள்ளையும் கழிஞ்சாள். நாயாலை வந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? பிள்ளையும் போய், குட்டியும் போய்... போன மாசம் குடிச்சுப்போட்டு அந்தாள் சொல்லுது: ‘கழியிற குட்டியைக் கொட்டிலிலை வைச்சிருந்தால் மற்றதுகளுக்கும் தொத்தும், அதுதான் உனக்குத் தந்தனான்’ எண்டு. சிரிச்சுக்கொண்டு சொல்லுது. எனக்குத் தந்தனானாம்!”

அவன் திரும்ப அழுத்தினான். நுஸ்ரத் கையில் அகப்பட்ட கல்லைத் தூக்கினாள். அந்த நேரத்தில் அவள் இடுப்புப் பையில் கைப்பேசி அடித்தது. ஆமினா உம்மா. எடுப்பதா எறிவதா என்று யோசிக்க நேரமில்லை. பொத்தானை அழுத்தி, சத்தத்தை வெளியே விட்டு, “றிப்திட உம்மா!” என்று அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ மறியலுக்கு அனுப்பிய பொடியனின் தாயை நீயே கேள் என்றுதான் நினைத்தாள். வேறொரு திட்டமும் அவளிடம் இல்லை.

“மகள்,” என்றது அந்தக் கிழக்குரல், “ஒப்பரேசனுக்குக் கொண்டு போகப் போறாங்க. புள்ள தண்ணி தண்ணிண்டு கேக்கான் மகள். ஒரு சொட்டும் குடுக்க வேணாமாம். என்ட கையில போத்தல் இரிக்கி. அவன் என்டயே பாத்துப் பாத்துக் கேக்கான். நான் எப்பிடி மகள் குடுக்காம இரிக்கிற?”

இரும்பு சஞ்சீவனின் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. இராகுலன் புரண்டு, இருமி, மூச்சை இழுத்தார்.

“குடுங்கோ” என்றான் சஞ்சீவன். பிறகு கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். “குடுங்கோ அம்மா! அவனுக்குத் தண்ணி குடுங்கோ! கேக்கிற பிள்ளைக்குத் தண்ணி குடுங்கோ! என்ர பிள்ளை நாலு நாளும் கேட்டவள். வயித்தாலை போற பிள்ளைக்குத் தண்ணி குடுத்தால் இன்னும் போகும் எண்டு எல்லாரும் சொன்னவை. நான் குடுக்கேல்லை. செம்பை எடுத்து அலுமாரிக்கு மேலை வைச்சனான். அவள் அலுமாரியையே பாத்துக்கொண்டு கிடந்தவள்.”

இராகுலன் கண்ணை மூடிக்கொண்டார். குட்டி தந்த கிருமியைவிட அந்தச் செம்புதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்பது பதினேழு வருடம் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்கச் சொல்லி ஊரூராய்த் திரிந்த மனிதருக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது. பதினான்கு வெட்டில் ஒன்றாவது தனக்கு விழவேண்டியது என்று அவன் நினைத்திருப்பான். நுஸ்ரத்துக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

“ஆரு மகன் நீங்க?” என்று கேட்டது கைப்பேசி.

அவன் நுஸ்ரத்தைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை.

“உங்கட பிள்ளை செய்யாததுக்கு அவனை மறியலுக்கு அனுப்பினவன்” என்றான். “வெட்டினது நான் அம்மா.”

ஆசுபத்திரி நடையில் யாரோ ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் வந்தது. ஆமினா உம்மா அழவில்லை, சாபமும் போடவில்லை.

“அப்ப அதை அவங்களுக்கிட்டச் சொல்லுங்க மகன்” என்றார். “கெதியாச் சொல்லுங்க. இவன் கண் முழிச்சா, திரும்ப அங்க போற பயத்தில முழிக்கக் கூடா.”

அழைப்பு நின்றது. சஞ்சீவன் சரளையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். காய்ச்சலில் அவன் உடம்பு நடுங்கியது. இராகுலன் முறிந்த தோளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் ஸ்கூட்டிப் பெட்டியிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“முதல் பொலிஸுக்கு அடியுங்கோ” என்றான்.

நுஸ்ரத் நூற்றுப் பத்தொன்பதை அழுத்தி, கைப்பேசியை அவன் வாயருகே பிடித்தாள்.